தபீதாள் தைக்காத உடுப்பு

எங்கள் சபையில் யார் இறந்தாலும், வாழ்க்கைக் குறிப்பு வாசிக்காமல் பெட்டியை மூட மாட்டோம். பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, கல்யாணம், பிள்ளைகள், பிடித்த பாட்டு, பிடித்த வசனம், கடைசியாகப் பேசிய வார்த்தை என்று எல்லாம் அதில் வரவேண்டும். மிஷனரிகள் காலத்திலிருந்து சித்தூரில் இருக்கிற தமிழ்ச் சபை இது. வீட்டில் பாதித் தெலுங்கும் பாதித் தமிழும் பேசுகிற நாங்கள், செத்தவரைப் பற்றி மட்டும் சுத்தத் தமிழில் பேசுவோம். அந்தக் குறிப்பில் எல்லாரும் ஜெபவீரர்கள், எல்லாரும் உபசரிப்பில் சிறந்தவர்கள். உயிரோடிருந்தவரை எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்களும் அதில் சேர்த்திதான்.

குறிப்பு எழுதும் வேலையை நெடுங்காலம் பார்த்தவர் இன்பசேகரன் சார். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயரானவர். சாவு வீட்டுக்குப் போய், மூலையில் உட்கார்ந்து, அழுகை ஓயும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போய்விட்டது. இப்போது எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். காப்பி வேண்டுமா என்றாலும் தலையாட்டுவார், வேண்டாமா என்றாலும் தலையாட்டுவார். அவரை நைனா என்று கூப்பிடுகிற ஒரே மகள் எப்சிபாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எப்சிபா திருப்பதியில் ஆராய்ச்சி மாணவி. கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித் தருகிற ஏஐ இருக்கிறதே, அது தெரியாததையும் தெரிந்த மாதிரி அடித்துவிடுகிறது. அதைத் தடுத்து, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லப் பழக்குவதுதான் அவள் வேலை. இதைக் கேட்ட கமலம்மா, எப்சிபாவின் எதிர்வீட்டுக்காரி, சும்மா இருப்பாளா? “தெரியாதுன்னு சொல்றதுக்கா இத்தினி வருஷம் படிச்சிக்கினு கீற? எங்கூட்டு ஆளு பொறந்ததிலிருந்து அதத்தான் சொல்லிக்கினு கீறாரு” என்றாள். எப்சிபாவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

ஒருமுறை வாலிபர் கூட்டத்தில் அவளை மேடையேற்றி விளக்கச் சொன்னோம். நம் பிள்ளைகள் இன்ஜினீயரிங் சேர எம்செட் எழுதுகிற கதைதான் இது என்று ஆரம்பித்தாள். அந்தப் பரீட்சையில் தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். அதனால் கோச்சிங் சென்டரில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், விடைக்கான ஒரு வட்டத்தையும் காலியாக விடாதே, தெரியாததற்கெல்லாம் கடைசி நேரத்தில் ஏதாவது ஒன்றைத் தீட்டு என்று. இந்த மெஷினுக்கும் உலகம் முழுக்க அப்படித்தான் பரீட்சை வைத்திருக்கிறார்கள். தெரியாது என்றால் சைபர். அடித்துவிட்டால் ஒருவேளை மார்க். அப்படி வளர்ந்த பிள்ளை ஏன் தெரியாது என்று சொல்லப் போகிறது? சமீபத்தில்தான் ஆராய்ச்சிக்காரர்கள் இந்தப் பக்கம் கைவைத்திருக்கிறார்கள், தப்பாக அடித்தால் மார்க்கைப் பிடுங்கு, வாயை மூடிக்கொண்டால் கொஞ்சம் பாராட்டு என்று. எப்சிபாவின் குழு அதைத் தமிழிலும் தெலுங்கிலும் செய்து பார்த்துக்கொண்டிருந்தது. அவள் எழுதிய கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது: “எதையும் விடாமல் முழுமையாக எழுது” என்று கேட்டால் மெஷின் இன்னும் அதிகமாகக் கதை கட்டுகிறது. நாங்கள் கைதட்டினோம். நற்செய்திக் கன்வென்ஷன் மாதிரி ஏதோ ஒரு ஆராய்ச்சி மாநாட்டில் அவள் நிற்கிற போட்டோவைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினோம்.

இப்படிப்பட்ட பெண்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

தபீதாள் சபைக்குப் பின்னாலிருக்கும் சந்தில் குடியிருந்தவள். இளவயதில் புருஷன் போய்விட்டான். மாங்காய் சீசனில் ஒரு ஜூஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனாள். மகள் ஜெமிமா தவழ்ந்துகொண்டிருந்த வருஷம், கூழ் பிழிகிற மெஷினில் வலது கை மாட்டி, விரல்கள் எல்லாம் போய்விட்டன. அதன் பிறகு அந்தக் கையை அவள் முந்தானைக்கு வெளியே நீட்டி யாரும் பார்த்ததில்லை. இடது கையால் சபைக் கோயிலைப் பெருக்கினாள், இடது கையால் மணி அடித்தாள். நற்கருணையில் கை நீட்டி அப்பம் வாங்க எல்லாரும் போய் முழங்கால்படியிட்டு எழுந்து வந்தபிறகு கடைசி ஆளாகத்தான் போவாள். ஏன் கடைசி என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட யாரும் அவளை முன்னால் போகச் சொன்னதில்லை.

ஜெமிமாவும் எப்சிபாவும் ஒரே சந்தில் ஓடி விளையாடி வளர்ந்தவர்கள். ஜெமிமா எப்சிபாவை அக்கா அக்கா என்று சுற்றிவருவாள். பிறகு ஒருத்தி பெரிய படிப்புக்குப் போனாள். இன்னொருத்தி பன்னிரண்டாவதோடு நின்று, நாயுடுபேட்டையில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் ஆனாள். அந்தக் கல்யாணத்துக்கு எப்சிபா வரவில்லை. குழந்தை பிறந்ததைக் கேட்டு இன்று பேசலாம் நாளைக்குப் பேசலாம் என்றிருந்து, பேசாமலே விட்டாள். ரொம்ப நாள் பேசாதவர்களோடு பேச ஆரம்பிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும்.

தபீதாள் தூக்கத்திலேயே போய்விட்டாள். சபை மூப்பர் ஜெபகுமார் திருப்பதிக்குப் போன் செய்து, மறுநாள் மத்தியானம் அடக்கம், நைனாவால் முடியாது, நீதான் குறிப்பு எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றார். எப்சிபா சரி என்றாள். முடியாது என்று சொல்லியிருந்தால் ஜெபகுமாரே எதையாவது கிறுக்கியிருப்பார், உலகம் ஒன்றும் முழுகிப்போயிருக்காது. ஆனால் சபைக்கு முன்னால் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

காலையில் சித்தூர் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் விஷயம் உறைத்தது. தபீதாள் எந்த ஊரில் பிறந்தாள், பிடித்த பாட்டு எது, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. ஜெமிமாவைக் கேட்டால் முடிந்தது. நம்பரை எடுத்தாள், வைத்தாள். இத்தனை வருஷம் கழித்து முதல் போனிலேயே உன் அம்மாவுக்கு வயது என்ன என்று எப்படிக் கேட்பது? பிணத்தை வைத்துக்கொண்டிருக்கிறவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். நியாயம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு போனில் இருக்கிற ஏஐயைத் திறந்து, பெயர் தபீதாள், விதவை, ஒரே மகள், சபைக்கு ஊழியம் செய்தவர், எல்லாராலும் நேசிக்கப்பட்டவர் என்று தட்டினாள். எங்கள் தமிழ்ச் சபை வழக்கப்படி வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்றாள். கடைசியில் அவள் சேர்த்த வரி இது: எதையும் விடாமல் முழுமையாக எழுது.

எழுதியது. என்ன தமிழ் அது! இன்பசேகரன் சாரே தோற்றார். தபீதாள் என்ற பெயருக்கே பைபிளில் ஏழை விதவைகளுக்கு உடுப்பு தைத்துக் கொடுத்த ஒருத்தியின் பழைய கதை உண்டு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மெஷினுக்கும் தெரிந்திருந்தது. எங்கள் தபீதாளைப் பற்றி ஒன்றும் தெரியாத இடத்தில், அந்தத் தபீதாளை எடுத்து உட்கார வைத்துவிட்டது. எப்சிபா படித்தாள். சின்ன வயதிலிருந்து கோயிலில் கேட்டுப் பழகிய ஓசை அப்படியே இருந்தது. கண் கலங்கியது. காணிப்பாக்கம் திருப்பத்தில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கிப் பஸ் காலியானபோது, இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தினாள். மற்றதைத் தொடவில்லை. விரல் இல்லாத அந்தக் கை அவளுக்குத் தெரியாதா? தெரியும். அழகாக எழுதிவிட்டால் தெரிந்ததுகூட மறந்துபோகும்போல.

மத்தியானம் கோயில் நிறைந்திருந்தது. பெட்டி முன்னால் திறந்திருந்தது. எப்சிபா நின்று, நல்ல தெளிவான குரலில் வாசித்தாள். “தம்முடைய பெயருக்கேற்ப ஊசியும் நூலுமாய் வாழ்ந்து, ஏழை விதவைகளுக்கும் திக்கற்ற பிள்ளைகளுக்கும் தம் கையாலேயே உடுப்பு தைத்துக் கொடுத்தவர். வலது கை செய்வதை இடது கை அறியாதபடி உதவியவர்.” வலது கை என்று வாசிக்கும்போது அவள் கண் பெட்டிக்குப் போனது. எங்கள் வழக்கப்படி வெள்ளைக் கையுறை போட்டு, இரண்டு கையையும் மார்மேல் வைத்திருந்தார்கள். வலது கையுறையிலும் ஐந்து விரலும் நிரம்பி இருந்தன. யாரோ பஞ்சு அடைத்திருந்தார்கள்.

எப்சிபா பார்த்துவிட்டாள். ஆனால் நிறுத்தவில்லை. அடுத்த வரி கையிலிருந்தது, வாசித்தாள். அதற்கடுத்த வரியையும் வாசித்தாள். முடித்தபோது நாங்கள் ஆமென் என்றோம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கையைத் தெரிந்த நாங்கள் இத்தனை பேர் உட்கார்ந்திருந்தோம், ஒருவர் தலையும் நிமிரவில்லை. வாழ்க்கைக் குறிப்பில் வருவதை யார் கவனித்துக் கேட்கிறார்கள்?

கல்லறைத் தோட்டத்தில் ஜெபகுமார் வந்து, நைனாவையே மிஞ்சிவிட்டாய் என்று அவள் தோளைத் தட்டினார். கமலம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, ஆமாம், என் பெரிய பொண்ணுக்குக்கூட தபீதாள் ஒரு கவுன் தைத்துக் கொடுத்தாள், இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்றாள். எப்சிபா கமலம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் பொய் இல்லை. நிஜமாகவே ஞாபகம் வந்திருந்தது.

எல்லாரும் நகர்ந்தபிறகு ஜெமிமா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“அக்கா, எங்கம்மாவுக்கு தைக்கத் தெரியும்னு எனுக்கே தெரியாதே. கை போறதுக்கு முன்னாடி தச்சிக்கினு இருந்தாங்களா? உனுக்கு யாரு சொன்னது?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். தெரியாது ஜெமி, மெஷின் எழுதியது, நான் பார்க்காமல் வாசித்துவிட்டேன் என்று. வருஷக்கணக்காக ஒரு மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த வார்த்தைதானே? எப்சிபாவின் வாயிலிருந்து வந்தது வேறு. “நைனா சொன்னாரு” என்றாள். காலி வட்டம் ஒன்றைக் கண்டதும் தீட்டிவிட்டாள்.

ஜெமிமா அதோடு விடவில்லை. நாயுடுபேட்டைக்குத் திரும்புவதற்கு முன்னால் இன்பசேகரன் சாரைப் போய்ப் பார்த்து, எங்கம்மா தைப்பாங்களா சார் என்று கேட்டிருக்கிறாள். அவர் தலையாட்டியிருக்கிறார். பிறகு கமலம்மா வீட்டுக்குப் போய், அந்தக் கவுன் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். கமலம்மா பரணைக் குடைந்து மஞ்சளில் ஒரு பழைய கவுனை எடுத்துக் கொடுத்துவிட்டாள். எந்தக் கடையில் வாங்கியதோ, யார் தைத்ததோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

எப்சிபா திருப்பதிக்கு ஓடிவந்தாள். ஓடிவந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். அன்றைக்கே மெஷினைத் திறந்து, இந்தத் தையல் விவரம் உனக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டாள். தவறுக்கு மன்னிக்கவும், அப்படி ஒரு தகவல் எனக்குத் தரப்படவில்லை, திருத்தி எழுதித் தரட்டுமா என்று உடனே பதில் வந்தது. மன்னிப்புக் கேட்பதில் அதற்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. எப்சிபாவுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. சுட்டுப்போட்டாலும் வராத வெட்கத்தை அதற்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று ஒரு பைத்தியக்கார யோசனைகூட வந்தது.

அந்த மாதம் ஆராய்ச்சி நன்றாகப் போனது. அதுதான் வேடிக்கை. மார்க் போடும் முறையை மாற்றிப் பழக்கிய அவர்களுடைய சின்ன மெஷின், கேள்விப்படாத ஆட்களைப் பற்றிக் கேட்டால் தமிழிலும் “எனக்குத் தெரியாது” என்று சொல்ல ஆரம்பித்தது. வழிகாட்டிப் பேராசிரியர் நாகபூஷணம் சந்தோஷத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எப்சிபாவைப் பார்த்து, உன் பிள்ளை நல்ல பிள்ளையாகிவிட்டது என்று தெலுங்கில் சொன்னார். அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

நடுவில் ஜெமிமாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மஞ்சள் கவுனைக் குழந்தைக்கு அளவாக மடித்துப் பிடித்திருந்தாள். பாப்பா தன் ஆயா தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வருவாள் என்று கீழே எழுதியிருந்தாள். எப்சிபா அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருத்தியின் அம்மாவை எடுத்துக்கொண்டு வேறொரு அம்மாவைக் கொடுத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அதை அந்தப் பெண் தன் குழந்தைக்கும் உடுத்திவிடப் பார்க்கிறாள். இதற்கு மேல் பொறுத்தால் அந்தப் பிள்ளை வளர்ந்து, எங்கள் ஆயா நன்றாகத் தைப்பார்கள் என்று ஊருக்கே சொல்லும்.

முப்பதாம் நாள் ஜெபம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. எப்சிபா ஆராதனைக்கு முன்பே தபீதாளின் வீட்டுக்குப் போனாள். ஜெமிமா குழந்தைக்குக் கவுனின் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாள். எப்சிபா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பஸ்ஸில் மெஷினைக் கேட்டது, படித்துப் பார்த்து அழுதது, கையுறையைப் பார்த்த பிறகும் வாசித்தது, நைனா ஒன்றும் சொல்லவில்லை என்பது வரைக்கும். ஜெமிமா போட்ட பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கவுனை மடித்து வைத்துவிட்டு, குழந்தைக்கு வேறு சட்டை போட்டாள்.

கோயிலில் ஆளாளுக்கு எழுந்து ஸ்தோத்திரம் சொல்லும் நேரத்தில் எப்சிபா எழுந்து நின்றாள். போன மாதம் நான் வாசித்ததில் பெயரைத் தவிர முக்காலும் பொய் என்றாள். அதை நான் எழுதவில்லை, ஏஐ எழுதியது, அதற்குத் தெரியாததை அது இட்டுக்கட்டியது, தெரிந்துகொள்ள வேண்டிய நான் யாரையும் கேட்கவில்லை. தபீதாள் அத்தை தைக்கவில்லை. அவர்களுக்கு வலது கையில் விரல் இல்லை. இடது கையால் நமக்கு மணி அடித்தார்கள். நற்கருணைக்குக் கடைசியாகப் போவார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மீதி எனக்குத் தெரியாது. சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஒரு ஆமென்கூட வரவில்லை. கடைசியாகப் போவார்கள் என்றபோது நாங்கள் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தோம். வெளியே வந்ததும் ஜெபகுமார், நல்லாத்தானே இருந்தது, யார் வந்து கேட்டார்கள் இப்போது, சபைக்குத்தானே அவமானம் என்று முணுமுணுத்தார். ஜெமிமா கவுனைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கமலம்மா வாங்க மறுத்தாள். “அப்ப நானு பொய் சொல்றேனா? தபீதாள் தச்சிக் குடுத்தது எனுக்கு நல்லா ஞாபகம் கீது” என்று எப்சிபாவை முறைத்தாள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள். மெஷினைத் திருத்திவிடலாம், கமலம்மாவை யார் திருத்துவது?

சாயங்காலம் எப்சிபா பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். ஜெமிமாவும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். நாயுடுபேட்டைக்குப் போகவும் திருப்பதிக்குத்தான் முதலில் போகவேண்டும். பஸ்ஸில் கூட்டம், காலியாக இருந்தது இருவர் சீட் ஒன்றுதான். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள், நடுவில் குழந்தை தூங்கியது. 

காணிப்பாக்கம் திருப்பத்தில் பஸ் நின்று ஆட்கள் ஏறும்போதுதான் ஜெமிமா பேசினாள்.

“அன்னிக்கு காலைல நீ இந்த பஸ்லதான் வந்துக்கினு இருந்தியாக்கா?”

ஆமாம் என்றாள் எப்சிபா.

“அந்நேரம் நான் அம்மா பக்கத்துல தனியா உக்காந்துக்கினு கையுறைக்குள்ள பஞ்சு வச்சிக்கினு இருந்தேன். கடைசி நாளாவது முழுசா போகட்டுமேன்னு. வர்றவங்க போறவங்க எல்லாம் எப்ப எடுக்கறீங்கன்னுதான் கேட்டாங்க. அம்மாவப் பத்தி ஒருத்தர்கூட என்னைக் கேக்கல. நீ போன் பண்ணியிருந்தா நான் பேசியிருப்பேன்க்கா. எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்.” குழந்தையின் தலையைச் சரியாக வைத்தாள். “ஏன் பண்ணல?”

நேரமில்லை, சிக்னல் இல்லை, உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். நல்ல நல்ல பதில்களாக எப்சிபாவுக்கு வந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை.

“வெக்கமா இருந்திச்சி ஜெமி” என்றாள்.

ஜெமிமா தலையாட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டான்.